புரோட்டோன் சாகா

புரோட்டோன் சாகா மலேசியாவின் முதல் தேசியக் கார். 1985இல் விற்பனைக்கு வந்த இந்தக் குடும்பச் செடான், மூன்று தலைமுறைகளைக் கடந்து இன்றும் உற்பத்தியில் இருக்கிறது. உள்நாட்டுச் சந்தையில் அசைக்க முடியாத முதலிடத்தில் இருந்து சரிந்த இக்கார், 2019இன் மறுவடிவமைப்புக்குப் பின் இழந்ததில் ஒரு பகுதியை மீட்டது.

தோற்றம்

சாகாவுக்கு முன் மலேசியாவின் கார்த் தொழில் என்பது வெளிநாட்டுக் கார்களைப் பாகங்களாகத் தருவித்துப் பொருத்தி விற்பதாகவே இருந்தது. ஜொகூர் பாருவின் தம்போயில் இயங்கிய ஓரியண்டல் அசெம்பிளர்ஸ் ஆலையில் ஹோண்டா கார்கள் அப்படித்தான் உருவாயின. இந்நிலையை மாற்ற, பிரதமர் மகாதீர் முகமதுவின் முயற்சியில் 1983 மே 7இல் புரோட்டோன் நிறுவப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி அதில் பங்காளியானது.

1985 ஜூலை 9இல் சாகா அறிமுகமானது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேவை அடியொற்றிய அதன் முதல் வடிவில் 1.3 லிட்டர் எஞ்சின் இருந்தது. ஷா ஆலாம் ஆலையில் உருவான முதல் கார், கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதே ஆண்டு, புதிதாகக் கட்டப்பட்ட பினாங்குப் பாலத்தை மகாதீர் சாகாவை ஓட்டிக் கடந்தார்.

வரிச் சலுகையால் விலை குறைந்ததால் சாகாவோடு பிற கார்கள் போட்டியிட முடியவில்லை. 1992இல் வந்த சாகா இஸ்வாரா, குடும்பக் காராக மட்டுமன்றி டாக்சியாகவும் நாடெங்கும் ஓடியது. 1990களில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் புரோட்டோனுடையவை. முகப்பும் பின்புறமும் அவ்வப்போது மாறினாலும், அடிப்படை 2008 வரை அதேதான்.

சரிவு

இரண்டாம் தேசியக் கார் நிறுவனமான பெரோடுவா 1993இல் தொடங்கியது. 2005இல் அது வெளியிட்ட மைவி, குடும்பங்களின் விருப்பத்தைச் சிறிய ஹேட்ச்பேக் பக்கம் திருப்பியது. மறு ஆண்டே விற்பனையில் பெரோடுவா முந்தியது.

2008 ஜனவரியில் வந்த இரண்டாம் தலைமுறை சாகா, புரோட்டோனின் சொந்த கேம்ப்ரோ எஞ்சினோடு நன்றாகவே விற்றது. ஆனால் 2011இல் சேர்ந்த, படிநிலைகள் இல்லாத சிவிடி தானியங்கி கியர்பாக்ஸ் குறைகூறலுக்கு ஆளானது. வேகமெடுக்கும்போது எஞ்சின் இரைச்சல் உயரும், வண்டியோ அதற்கேற்பப் பாயாது.

2016 செப்டம்பரில் மூன்றாம் தலைமுறை வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் பெரோடுவா தன் முதல் செடானான பெஸ்ஸாவை இறக்கியிருந்தது. பெஸ்ஸாவின் பூட் 508 லிட்டர், சாகாவுடையது 420. தீபாவளிக்கு ஊர் திரும்பும் ஜொகூர்க் குடும்பத்துக்கு இது இரண்டு பெட்டிகளின் வித்தியாசம். எரிபொருள் சிக்கனத்துக்கு பெஸ்ஸாவில் 1 லிட்டர் எஞ்சினும் கிடைத்தது. 2018இல் புரோட்டோனின் சந்தைப் பங்கு சுமார் 11 விழுக்காடாகச் சுருங்கியது.

மீட்சி

2017இல் சீனாவின் கீலி நிறுவனம் புரோட்டோனின் 49.9 விழுக்காட்டுப் பங்குகளை வாங்கியது. 2019 ஆகஸ்ட் 6இல் வெளியான புதிய சாகாவில் எஞ்சின் மாறவில்லை: அதே 1.3 லிட்டர், அதே 95 குதிரைத்திறன். மாறியது கியர்பாக்ஸ். சிவிடிக்குப் பதில் ஹூண்டாயின் நான்கு வேகத் தானியங்கி கியர்பாக்ஸ் இடம்பெற்றது. தொழில்நுட்பக் கணக்கில் அது பழையது, வாங்குவோருக்கோ நம்பகமானது. உயர் ரகத்தில் தொடுதிரையும் வந்தது. மேனுவல் ரகத்தின் விலை 32,800 ரிங்கிட்டில் தொடங்கியது. அவ்வாண்டு புரோட்டோனின் மொத்த விற்பனை 1 லட்சத்தைத் தாண்ட, நிறுவனம் இரண்டாம் இடத்துக்குத் திரும்பியது. 2025 நவம்பரில் வெளியான புதுப்பிப்பில் 1.5 லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது.

மதிப்பீடு

வாங்குவோரின் கணக்கை ஜொகூரில் காணலாம். சிங்கப்பூரில் வேலை செய்யும் ஜொகூர்வாசிகளில் பலர் மோட்டார் சைக்கிளிலோ பேருந்திலோ எல்லையைக் கடக்கின்றனர். கார் பள்ளிக்கும் கோயிலுக்கும் ஊர்ப் பயணத்துக்கும் உரியது. இவர்கள் கணக்கில் மாதத் தவணையும் பழுதுச் செலவும் தோற்றத்துக்கு முந்தியவை. சாகாவை மீட்டதும் அதுவே: விலையை ஏற்றாமல், குறை சொல்லப்பட்ட ஒரு பாகத்தை மாற்றியது. ஆயினும் தொடக்கக் கால ஆதிக்கம் திரும்பவில்லை. அதைத் தந்த வரிச் சுவர் இப்போது அதே உயரத்தில் இல்லை, எதிரே நிற்கும் பெஸ்ஸாவும் தேசியக் காரே.