கரிசல் மண்ணின் வீட்டுமொழிகள்

சிவகாசி, ராஜபாளையம், அருப்புக்கோட்டை வட்டாரங்களில் தமிழுக்கு அடுத்து வீடுகளில் புழங்குபவை தெலுங்கும் கன்னடமும். விஜயநகர, நாயக்கர் காலக் குடியேற்றங்களின் வழிவந்த கம்மவார், ரெட்டியார், ராஜுக்கள் ஆகியோரும் அருந்ததியர் பலரும் தெலுங்கு பேசுகின்றனர். அருப்புக்கோட்டைத் தேவாங்கர் பேசுவது கன்னடம். 2021இல் சிவகாசி மாநகராட்சியில் சேர்ந்த திருத்தங்கல், சிலப்பதிகாரத்திலேயே பெயர் வரும் தமிழூர். இதையொட்டிய அச்சகங்களில் தெலுங்குக் காலண்டர்கள் அச்சாகி ஆந்திராவுக்கு லாரி ஏறுகின்றன. அந்த எழுத்தில் ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாத தெலுங்கு வீட்டுக்காரர்கள் இங்கே ஏராளம். இம்மொழிகளின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது: பேச்சு உண்டு, எழுத்து இல்லை.

எண்ணிக்கை குறையவில்லையே என்று கேட்கலாம். தமிழகத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னோர் 2001இல் 5.65 விழுக்காடு, 2011இல் 5.87. ஆனால் கணக்கெடுப்பு கேட்பது தாய்மொழி எது என்பதை. பேரப்பிள்ளையிடம் எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்பதை அல்ல. இம்மொழிகள் தேய்வதற்குப் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கிய 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டமே காரணம் என்போரும் உண்டு. தாய்மொழிவழித் தொடக்கக் கல்விக்கு வசதி செய்யச் சொல்லும் அரசியலமைப்பின் 350அ பிரிவை அவர்கள் சுட்டுவது நியாயம்தான். எல்லையோர மாவட்டத் தெலுங்குப் பள்ளிகளுக்கு அச்சட்டம் உண்மையிலேயே நெருக்கடி; 2023இல் உச்ச நீதிமன்றம் மொழிச் சிறுபான்மை மாணவர்க்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளிலிருந்து ஓராண்டு விலக்கும் அளித்தது. கரிசலின் கதை அதற்கு வெகு முந்தியது. 1920களில் கரிசல் கிராமமான இடைசெவலில் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் எழுதியதெல்லாம் தமிழில். குடியேறிய தெலுங்கரின் வழிவந்தோர் கதையான ‘கோபல்லபுரத்து மக்கள்’ 1991இல் சாகித்திய அகாதமி விருது பெற்றதும் தமிழ் நாவலாகத்தான். தவிர, ஆந்திரப் பாடநூலின் தெலுங்கு கரிசல் பிள்ளைக்கு வீட்டுப்பேச்சு ஆகாது; கிட்டத்தட்ட இன்னொரு பாடமொழி.

ஆகவே பள்ளியை மட்டும் நம்புவதைவிட, இருக்கும் பேச்சைத் தமிழ் எழுத்திலேயே பதிவதும் கிழவிகளின் கதைகளையும் தாலாட்டுகளையும் ஒலியாகச் சேர்ப்பதும் கைக்கெட்டிய வழி. தமிழ் எழுத்தில் வர்க்க ஒலிகள் சிதையும் என்ற மறுப்பு வலுவானது. ஆனால் விடையும் பழையது. தனி எழுத்து இருந்தும், அது 2008இல் யூனிகோடில் ஏறிய பின்னும், தமிழகத்துச் சௌராஷ்டிர மொழிக்காரர் பலர் தம் மொழியைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகின்றனர். சுலோகப் புத்தகங்களில் காண்பதுபோல் ‘க’வின் தோளில் 2, 3, 4 என்று சிற்றெண் போட்டுக்கொள்கிறார்கள், வேலை நடக்கிறது.