சொல்லும் தொடரும்



எங்கள் ஊர் உழவர்கரை. அப்பெயரின் ஈற்றில் நிற்கும் ‘கரை’ என்னும் சிறு சொல், ஆசிரியப் பயிற்சி பெற்றுவந்த எனக்கே ஒரு பாடம் கற்பித்தது. அதனைச் சொல்லுமுன், நம் முன்னோர் பிள்ளைகளுக்குச் சொற்களைக் கற்பித்த வரலாற்றைச் சற்றே காண்போம்.

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் நிகண்டை நெட்டுருப் பண்ணினர். நிகண்டு என்பது செய்யுளால் அமைந்த சொற்பொருட் கோவை. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு 12 தொகுதிகளை உடையது. அதன் 11ஆம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறுவது. அச்சு நூல் அரிதாயிருந்த நாளில் நினைவே பிள்ளையின் அகராதி. ஆகவே அம்முறையை இகழ்தல் தகாது. ஆயினும், பொருளை அறிவித்த நிகண்டு, சொல்லை ஆளும் இடத்தை அறிவிக்கவில்லை.

அக்குறையை ஒருவாறு நிரப்பியவை நீதிநூல்கள். ஔவையாரின் ஆத்திசூடியில் ஓர் அடி பெரும்பாலும் இரண்டு சொற்களால் முடியும். கொன்றைவேந்தனில் அடி சற்றே நீளும். மூதுரையில் அது நான்கடி வெண்பாவாகும். பிள்ளையின் நினைவு வளர வளரத் தொடரும் வளர்ந்தது.

உரைநடையில் இப்படிமுறையைக் கொணர்ந்தவருள் சிறந்தவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் பள்ளி நிறுவிய அவர், எளியதிலிருந்து அரியதற்குச் செல்லும் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். சூடாமணி நிகண்டையும் 1849இல் உரையுடன் பதிப்பித்தவர் அவரே. நிகண்டும் வேண்டும், வாக்கியமும் வேண்டும் என்பதை அவர் பணி காட்டுகிறது.

இவற்றையெல்லாம் படித்திருந்தும் நான் தவறினேன். பணியேற்ற புதிதில், நான்காம் வகுப்பில், ‘கரைதல் – ஒலித்தல்’ என்று கரும்பலகையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னேன். மறுநாள் ஒரு சிறுமி, “பள்ளி மணி கரைந்தது, நான் வீட்டுக்குப் போனேன்” என்று எழுதி வந்தாள். வகுப்புச் சிரித்தது, நானும் சிரித்தேன். அவள் தலைகுனிந்தாள். நான் எழுதிய பொருளின்படி அவள் தொடரில் பிழையில்லை என்பது வீடு திரும்பிய பின்னரே எனக்கு உறைத்தது. பிழை என்னுடையதென்று மறுநாள் வகுப்பில் கூறினேன். ஆயினும் அவள் மீண்டும் கை உயர்த்தப் பல வாரங்களாயின.

அதன்பின் என் முறை மாறிற்று. முதல் வகுப்பில், “ஊசுடு ஏரிக்கரையில் கொக்கு நிற்கிறது.” மூன்றாம் வகுப்பில், “காகம் கரைகிறது”, “உப்பு நீரில் கரைகிறது.” ஐந்தாம் வகுப்பில், “அண்ணன் சிவப்புக் கரை வேட்டி உடுத்தினான்.” எட்டாம் வகுப்பில், “ஏழையின் துயர் கேட்டு அவர் நெஞ்சம் கரைந்தது.” கண்ணாற் கண்டது முதலில், உள்ளத்தால் உணர்வது இறுதியில். பின்னர் ஒவ்வொரு பிள்ளையும் தன் தொடரைத் தானே அமைக்க வேண்டும். அது பிறழ்ந்தால், “என்ன நினைத்து எழுதினாய்?” என்று கேட்பேன், சிரிக்கமாட்டேன்.

1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, பொருளோடு எடுத்துக்காட்டுத் தொடர்களையும் தந்தது. அதைக் கண்டபோது என் வகுப்பறையே நினைவுக்கு வந்தது.

மாணவர்களே, புதிய சொல்லொன்று கிட்டினால் அன்றே அதனை ஒரு தொடரில் வைத்து எழுதிப் பாருங்கள். பிழை நேர்ந்தால் நாணவேண்டா. பிழைபட்ட தொடரும் உங்கள் சொந்தத் தொடரே. திருத்தினால், அச்சொல் என்றும் உங்களுடையதாகும்.