சுண்ணாம்புச் சுவரும் மரப் பீப்பாயும்

திராட்சைக் கொடியைப் பார்க்க வேண்டும் என்பவர்கள் பிரான்சின் ரெய்ம்ஸ் நகருக்கோ போர்ச்சுகலின் விலா நோவா டி காயாவுக்கோ போக வேண்டியதில்லை. கொடிகள் ஊருக்கு வெளியே, மலைச்சரிவுகளில் இருக்கின்றன. இந்த இரண்டு ஊர்களிலும் பார்க்கக் கிடைப்பது ஒயின் காத்திருக்கும் இடம். ஒயின் ஆலைகளில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

ரெய்ம்ஸில் இந்தக் காத்திருப்பு பூமிக்கு அடியில் நடக்கிறது. ஷாம்பெய்ன் தயாரிக்கும் பொம்மெரி ஆலையில் 116 படிகள் இறங்க வேண்டும். வெளியே கோடை வெயில் கொளுத்தினாலும் பாதிப் படிகள் இறங்குவதற்குள் உடம்பு சிலிர்த்துவிடும். கீழே ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ்தான். கம்பளிச் சட்டை இல்லாமல் போகக் கூடாது. ரோமானியர் காலத்தில் கட்டடக் கல்லுக்காகத் தோண்டிய சுண்ணாம்புக் குழிகள் இவை. மேலே வாய் குறுகியும் கீழே போகப் போக அகன்றும் இருப்பதால், நடுவில் நின்று அண்ணாந்தால் வெளிச்சம் ஒரு சிறு சதுரமாகத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் ஆலையை நடத்திய மதாம் பொம்மெரி இந்தக் குழிகளை நீண்ட சுரங்கப் பாதைகளால் இணைத்தார். ஆன்ரி நவ்லே என்ற சிற்பியைக் கொண்டு சுவரிலேயே புடைப்புச் சிற்பங்கள் செதுக்க வைத்தார். முதல் உலகப் போரில் நகரத்தின் மேல் குண்டுகள் விழுந்த காலத்தில் மக்கள் இத்தகைய நிலவறைகளில் குடியிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் இங்கேயே நடந்தது. பாட்டில் வரிசைகளைவிட அந்தப் பிள்ளைகளின் நினைவுதான் என்னை அங்கே அதிக நேரம் நிற்க வைக்கிறது.

ஷாம்பெய்னின் நுரை பிறப்பது மூடிய பாட்டிலுக்குள். சர்க்கரையும் ஈஸ்டும் சேர்ந்து இரண்டாம் முறை நொதிக்கும்போது, வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைந்துவிடுகிறது. விற்பனைக்கு வரக் குறைந்தது 15 மாதங்கள் ஆக வேண்டும். ஒரே ஆண்டின் அறுவடை என்று பெயர் போட வேண்டுமானால் 3 ஆண்டுகள். அடியில் தங்கும் கசடைக் கழுத்துக்குக் கொண்டுவர, பாட்டிலைத் தலைகீழாகச் சாய்த்துச் சிறிது சிறிதாகத் திருப்புவார்கள். இப்போது பெரும்பாலும் இயந்திரம் செய்கிற வேலை.

காயாவில் எங்கும் இறங்க வேண்டாம். டோரு ஆற்றின் தென்கரையில், போர்ட்டோ நகரத்துக்கு நேர் எதிரே, ஓட்டுக்கூரைக் கிடங்குகள் மேட்டில் வரிசையாக ஏறிப்போகின்றன. ஆற்றின் மேல்பகுதியில், கோடை சுட்டெரிக்கும் பள்ளத்தாக்கில் விளைந்த திராட்சையின் ஒயினான போர்ட், முன்பெல்லாம் ரபேலோ என்ற தட்டையான படகுகளில் இங்கே வந்து சேர்ந்தது. கடல் பக்கத்தில் இருப்பதால் காற்று குளிர்ச்சியாகவும் ஈரமாகவும் இருக்கும். முதிர்வதற்கு அது தோது. 1986 வரை ஏற்றுமதியாகும் போர்ட் எல்லாம் காயா வழியாகத்தான் போக வேண்டும் என்ற சட்டமும் இருந்தது.

போர்ட் இனிப்பாக இருப்பதற்குக் காரணம் எளிது. நொதித்தல் பாதியில் இருக்கும்போதே 77 சதவீதச் சாராயத்தை ஊற்றி நிறுத்திவிடுகிறார்கள். பழத்தின் சர்க்கரை மிஞ்சிவிடுகிறது. பிறகு சுமார் 550 லிட்டர் பிடிக்கும் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். மரத்தின் வழியே ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். கிடங்கின் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதும் மணம் அதுதான்: ஈர மரம், உலர்ந்த அத்தி, காய்ச்சிய வெல்லம். ரெய்ம்ஸில் சுண்ணாம்பின் ஈரவாடைதான். ஒயின் முழுவதும் கண்ணாடிக்குள் அடைபட்டிருக்கிறது.

இந்த மணத்தின் வித்தியாசம் கடைசியில் கையில் வரும் கிண்ணம் வரைக்கும் தொடர்கிறது. ஷாம்பெய்ன் ஆலைகள் பல ஆண்டுகளின் ஒயினைக் கலந்து, எந்த ஆண்டு வாங்கினாலும் ஒரே சுவை வரும்படி பார்த்துக்கொள்கின்றன. பெரிய கைத்திறன் அது, ஐயமில்லை. ஆனால் அத்தனை படி இறங்கிக் கண்ணால் கண்ட காலத்தை நாக்கு உணர்வதில்லை. காயாவில் 10, 20, 30, 40 ஆண்டு டோனி போர்ட்டை, அதாவது பீப்பாயில் முதிர்ந்த போர்ட்டை, வரிசையாக வைப்பார்கள். அவையும் கலவைதான், எண் முதிர்ச்சியின் அளவைச் சொல்கிறது. இருந்தாலும் சிவப்பு மெல்ல வடிந்து, பழுப்பாகி, தேன் நிறத்துக்கு வருவதை ஒரே பலகையில் பார்க்கலாம்.

கண்ணுக்கு ரெய்ம்ஸ், அதற்கு இணையான இடத்தை நான் கண்டதில்லை. ஆனால் இரண்டில் ஒன்றுக்குத்தான் மறுபடி போக முடியும் என்றால் காயாவுக்குப் போவேன். சாயங்காலம், கிடங்கின் திறந்த முற்றத்தில், எதிர்க்கரை வீடுகளில் விளக்கு ஏறும் நேரத்தில் உட்கார வேண்டும். 10 ஆண்டுக் கிண்ணத்திலிருந்து தொடங்குங்கள். ஆசைப்பட்டு 40ஐ முதலில் எடுத்துவிட்டால், அதற்குப் பின் வரும் பழச்சுவை நாக்கில் நிற்காது.