வெளிநாட்டு கோச் வேணுமா, வேணாமா? கோவில்பட்டி கேலரியில கேட்ட ஒரு பழைய சண்டை

மே மாசம், கோவில்பட்டி, ராத்திரி எட்டு மணி. பகல் முழுக்க வெயில்ல வெந்த ஊரு. கரிசல் நிலம் பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். ஆனா ஹாக்கி மைதானத்துல ஃப்ளட்லைட் போட்டு, கேலரி நிறைஞ்சிருக்கும். லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியத் தங்கக் கோப்பை. ரயில்வே, பேங்க், ராணுவம்னு பெரிய அணிகள் வடக்கேயிருந்து வந்து ஆடும். மத்த ஊர்ல ஐபிஎல் ஸ்கோர் கேக்குற நேரத்துல, இங்க தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை முடிச்சு வந்தவர் பெனால்டி கார்னர்ல யார் ஸ்டாப் பண்ணது சரியில்லன்னு பேசிட்டு இருப்பார்.

அந்த கேலரியில எனக்குப் பின்னாடி ரெண்டு பேர். ஒருத்தருக்கு அறுபது வயசு இருக்கும், இன்னொருத்தர் காலேஜ் பையன். இந்திய அணிக்கு வெளிநாட்டு கோச் தேவையான்னு விவாதம். "அந்த சவுத் ஆப்பிரிக்காக்காரருக்கு நம்ம பையன் பேரைச் சொல்லத் தெரியுமாப்பா?"ன்னு பெரியவர் கேட்டார். "பேரு தெரிஞ்ச நம்மாளுங்க முப்பது வருஷம் என்ன கிழிச்சாங்க, அண்ணாச்சி?"ன்னு பையன். ஃபுட்பால் பாக்குறவங்களுக்கு இந்தச் சண்டை பழக்கமானதுதான். 'இவர் இதுக்கு முன்னாடி எதை ஜெயிச்சார்? இவரை நம்பி எப்படிக் கொடுக்குறது?' இந்திய ஹாக்கியில இதே கேள்வி 2004-லேயே வந்தாச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதல்ல, வெளிநாட்டுக்காரர் எதுக்குன்னு ஒரு காலத்துல கேள்வியே கிடையாது. 1928-ல இருந்து 1980 வரைக்கும் எட்டு ஒலிம்பிக் தங்கம். 1980 மாஸ்கோவுல கேப்டன் நம்ம சென்னைக்காரர் வாசுதேவன் பாஸ்கரன். ஆனா ஆட்டம் அதுக்கு முன்னாடியே மாற ஆரம்பிச்சுடுச்சு. 1976 மான்ட்ரியல்ல முதல் தடவையா ஒலிம்பிக் ஹாக்கியை செயற்கைப் புல்தரையில ஆடினாங்க. முந்தின வருஷம்தான் உலகக் கோப்பை ஜெயிச்ச இந்தியா, அங்க ஏழாவது இடம். மண் தரையில பந்து எகிறும். அதை மட்டையோட ஒட்டி வச்சு, ஆளை ஏமாத்தி எடுத்துட்டுப் போறதுதான் நம்ம வித்தை. டர்ஃப்ல பந்து வழுக்கிட்டு ஓடும். அங்க வேகமான பாஸும், எழுபது நிமிஷமும் ஓடுற நுரையீரலும் வேணும். டர்ஃப் போட காசும் வேணும். ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் போட்டுட்டாங்க. கோவில்பட்டி மாதிரி ஊர்ப் பையன்கள் இன்னும் பல வருஷம் மண்ணுலயே ஆடினாங்க. பி.டி. வாத்தியார் விசில் ஊதிச் சொல்லிக் கொடுத்த ஆட்டத்துக்கும், உலகம் ஆடுற ஆட்டத்துக்கும் இடைவெளி வந்தது இப்படித்தான்.

2004-க்கு வருவோம். அப்போ கோச் ராஜிந்தர் சிங். அவர் கையில 2001-ல ஜூனியர் உலகக் கோப்பை, 2003-ல பாகிஸ்தானை ஃபைனல்ல அடிச்சு வாங்கின ஆசியக் கோப்பை. ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரம் இருக்கும்போது அவரைத் தூக்கிட்டு, கெர்ஹார்ட் ராக்னு ஒரு ஜெர்மன்காரரைக் கொண்டு வந்தாங்க. இந்திய ஆண்கள் அணிக்கு முதல் வெளிநாட்டு கோச் அவர்தான். ஹாக்கி தெரிஞ்சவங்களே 'யாருப்பா இவரு?'ன்னு கேட்டாங்க. வீரர்கள் பேரைப் பழகவே நேரம் இல்ல. முடிவு, ஏழாவது இடம். தமிழ்க் குடும்பத்துல பிறந்து மகாராஷ்டிராவுல வளர்ந்த தன்ராஜ் பிள்ளைக்கு அது நாலாவது ஒலிம்பிக்ஸ், கடைசியும்கூட. அதிக நேரம் களத்துல இறங்கவே இல்ல. நம்ம ஊர்ல அவரை 'நம்மாளு'ன்னு பாத்தவங்களுக்கு அந்த ஆத்திரம் இன்னும் இருக்கு.

'பாத்தியா, வெளிநாட்டான் வந்தான், கெட்டுப் போச்சு'ன்னு இதை ஒரு பக்கம் எடுத்துக்கிட்டாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. சில வாரத்துல யார் வந்திருந்தாலும் என்ன பண்ணியிருக்க முடியும்? ஜெயிச்சுட்டு இருந்த உள்ளூர்க்காரரை ஒலிம்பிக்ஸ் வாசல்ல வச்சு மாத்தினவங்ககிட்ட யாரும் ரெஸ்யூமே கேக்கலயேன்னுதான் எனக்குத் தோணுது.

அடுத்த கதை இன்னும் மோசம். இந்தத் தடவை வந்தவர் உலகத்துலயே பெரிய பேரு, ரிக் சார்ல்ஸ்வொர்த். ஆஸ்திரேலியப் பெண்கள் அணிக்கு 1996, 2000 ரெண்டு ஒலிம்பிக்லயும் தங்கம் வாங்கிக் கொடுத்தவர். 2007 கடைசியில தொழில்நுட்ப ஆலோசகரா இந்தியா வந்தார். ஆலோசகர்தான், அணி அவர் கையில இல்ல. 2008 மார்ச்ல சிலியோட சான்டியாகோவுல பிரிட்டன்கிட்ட 2-0 தோத்து, 1928-க்குப் பிறகு முதல் தடவையா இந்தியா ஒலிம்பிக்ஸுக்கே தகுதி பெறல. அப்போ கோச் நம்மாளு, ஜோகிம் கார்வால்ஹோ. சில மாசத்துல சார்ல்ஸ்வொர்த்தும் வெறுத்துப் போய்க் கிளம்பிட்டார். நேரா ஆஸ்திரேலிய ஆண்கள் அணிக்குப் போனார். 2010-ல நம்ம டெல்லியிலேயே உலகக் கோப்பையை ஜெயிச்சார். அதே வருஷம் அதே டெல்லியில காமன்வெல்த் ஃபைனல். ஆஸ்திரேலியா 8, இந்தியா 0. நாம ஒழுங்கா வச்சுக்காத ஆளு எதிர் பெஞ்சுல உக்காந்து அந்த எட்டையும் பாத்துட்டு இருந்தார்.

அந்த மேட்ச்ல நம்ம பெஞ்சுல இருந்ததும் வெளிநாட்டுக்காரர்தான். ஸ்பெயினோட ஹோசே பிராசா, 1992 பார்சிலோனாவுல ஸ்பெயின் பெண்கள் தங்கம் வாங்கினப்போ கோச். அவரோட காலத்துல, உலகக் கோப்பைக்குச் சில வாரம் முன்னாடி, சம்பளப் பாக்கி கேட்டு வீரர்கள் புனே முகாம்ல பயிற்சியையே நிறுத்தினாங்க. இந்திய கேப்டனா இருந்தாலும் காசுக்குக் கையேந்தணும், இதுல கோச் எந்த நாட்டுக்காரரா இருந்தா என்ன?

வேகமா கடந்துடுறேன். ஆஸ்திரேலியாவோட மைக்கேல் நாப்ஸ், 2012 லண்டன். பன்னிரண்டு அணியில பன்னிரண்டாவது இடம். அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல நேரம் கிடைச்சது, அதனால 'நேரம் கொடுத்தா எல்லாம் சரியாயிடும்'னும் நான் சொல்ல மாட்டேன். டெர்ரி வால்ஷ் 2014-ல பாகிஸ்தானை அடிச்சு ஆசியப் போட்டித் தங்கம் வாங்கிக் கொடுத்தார். பதினாறு வருஷம் கழிச்சு வந்த தங்கம். சில வாரத்துல ராஜினாமா. அடுத்து வந்த பால் வான் ஆஸ் ஆறு மாசம்கூட முழுசா தாண்டல. வாடகை வீடு மாத்துற மாதிரி கோச் மாத்தினாங்க.

இப்போ நிஜமாவே 'அனுபவம் இல்லாதவர்' கதை. 2017 செப்டம்பர்ல, இந்தியப் பெண்கள் அணிக்கு கோச்சா இருந்த டச்சுக்காரர் ஷோர்ட் மரைனை ஆண்கள் அணிக்கு மாத்தினாங்க. அவர் அதுக்கு முன்னாடி எந்த சீனியர் ஆண்கள் தேசிய அணியையும் பயிற்றுவிச்சதில்ல. பெண்கள் அணிக்குப் போனவர் ஹரேந்திர சிங். 2016-ல லக்னோவுல ஜூனியர் உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்த நம்ம ஊர் கோச். ரசிகர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: நிரூபிச்சவரை ஒதுக்கிட்டு இவரை ஏன்? 2018 காமன்வெல்த்ல ஆண்கள் நாலாவது இடம். உடனே ரெண்டு பேரையும் பழையபடி இடம் மாத்தினாங்க. மரைன் தோல்வியோட பெண்கள் அணிக்குத் திரும்பினார். ஹரேந்திரா ஆண்கள் அணியோட உலகக் கோப்பைக் கால் இறுதி வரைக்கும் போனார். 2019 தொடக்கத்துல அவரையும் எடுத்துட்டாங்க.

ஆனா மரைனை இந்தத் தடவை அங்கேயே விட்டாங்க. மூணு வருஷம். 2021 டோக்கியோ கால் இறுதியில ஆஸ்திரேலியாவை 1-0 அடிச்சு, இந்தியப் பெண்கள் நாலாவது இடம் பிடிச்சாங்க. ஆண்கள் அணிக்கு கிரஹாம் ரீட், 2019-ல வந்தவர். டோக்கியோவுல ரெண்டாவது மேட்ச்சே ஆஸ்திரேலியாகிட்ட 7-1 தோல்வி. பழைய காலமா இருந்தா அன்னைக்கே சீட்டு கிழிஞ்சிருக்கும். கடைசியில ஜெர்மனியை 5-4 அடிச்சு வெண்கலம், நாப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு ஒரு பதக்கம். 2018-ல ஒடிசா அரசு ஸ்பான்சரா வந்து காசு கொடுத்தது, கொரோனா காலத்துல பெங்களூர் முகாம்ல அணி ஒண்ணா இருந்தது, எல்லாமே இதுக்குப் பின்னாடி இருக்கு. சும்மா விடுவாங்களா? 2023 உலகக் கோப்பை சரியில்லன்னதும் ரீட் போயிட்டார். அடுத்து வந்தவர்தான் அந்த 'சவுத் ஆப்பிரிக்காக்காரர்', கிரெய்க் ஃபுல்டன். 2024 பாரிஸ்ல மறுபடி வெண்கலம்.

சரி, இதுல கோவில்பட்டி எங்க வருது? பெரியவர் கேட்ட 'பையன் பேரு' கேள்வியை நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். தேசிய முகாம் பெங்களூர்ல. அங்க பேச்சு இங்கிலீஷும் ஹிந்தியும். மண் தரையில வளர்ந்த, ரெண்டு மொழியும் தடுமாறுற கரிசக்காட்டுப் பையனை யாராவது கண்ல பாத்தாத்தானே செலக்‌ஷன்? அவனை அங்க வரைக்கும் கொண்டு போறது ஃபுல்டனோ ரீடோ இல்ல, உள்ளூர் வாத்தியார்தான். அவருக்குப் பேரும் கிடையாது, பேட்டியும் கிடையாது.

கோவில்பட்டியில டர்ஃபும், அரசோட சிறப்புப் பயிற்சி மையமும் வந்த பிறகுதான் கதவு திறந்துச்சு. அங்க வளர்ந்தவங்க ரெண்டு பேர், கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூர்ல இருந்து வந்து தங்கிப் பயின்ற கார்த்தி செல்வம். 2022 மே மாசம் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில ரெண்டு பேருக்கும் இந்தியச் சட்டை கிடைச்சது. கார்த்தி முதல் மேட்ச்லயே பாகிஸ்தானுக்கு எதிரா கோல் அடிச்சார். அந்த அணிக்கு கோச் யாரு? நம்மாளு, சர்தார் சிங். அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல, சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி. மலேசியாவுக்கு எதிரான லீக் மேட்ச்ல இந்தியா 5-0. முதல் கோல் கார்த்தி. அப்போ பெஞ்சுல இருந்தது ஃபுல்டன். பாரிஸ் அணியில ரெண்டு பேருக்குமே இடம் இல்ல, அதையும் சொல்லிடணும்.

இதையெல்லாம் நான் அன்னைக்குப் பின்னாடி திரும்பிச் சொல்லல. சொல்லியிருந்தாலும் ரெண்டு பேரும் தனக்குச் சாதகமா பாதியை எடுத்துக்கிட்டிருப்பாங்க. பெரியவர் சர்தார் சிங்கைப் பிடிச்சிருப்பார், பையன் டோக்கியோவை.

மூணாவது குவார்ட்டர்ல ஒரு பெனால்டி கார்னர் வந்துச்சு. பேச்சு நின்னு போச்சு. அடி போஸ்ட்ல பட்டு வெளிய போனதும், பெரியவர் எழுந்து நின்னு, மைதானத்து ஓரத்துல நின்ன அந்த அணியோட கோச்சைப் பாத்துக் கத்தினார். அவர் பஞ்சாப்காரர், தமிழ் புரிஞ்சிருக்காது.