சிலிப்பர் ஆர்க்கிட்டுக்கு அவசரம் கிடையாது

கேமரன் மலையில் என் நர்சரிக்கு வருகிறவர்கள் சிலிப்பர் ஆர்க்கிட் நாற்றைக் கண்டதும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எப்ப பூக்கும்?" "மகன் இப்ப முதலாம் ஆண்டுதானே? இடைநிலைப்பள்ளிக்குப் போகட்டும்" என்பேன். பாதிப் பேர் சிரித்துவிட்டு டெண்ட்ரோபியம் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

இந்தப் பொறுமைத் தொழிலின் வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. இங்கிலாந்தில் வீட்ச் நர்சரியின் தோட்டக்காரர் ஜான் டொமினி. ஆர்க்கிட்டில் மகரந்தம் மாற்றி வைத்துப் பார்க்கச் சொன்னவர் எக்ஸிட்டர் நகர அறுவை மருத்துவர் ஜான் ஹாரிஸ். டொமினியின் கையில் 1856இல் முதல் கலப்பின ஆர்க்கிட் பூத்தது, அது கலாந்தே. சிலிப்பரில் முதல் கலப்பினம் பூக்க 1869 ஆயிற்று. அதற்கு மருத்துவர் நினைவாக ஹாரிசியானம் என்று பெயர். பெற்றோரில் ஒன்று பர்மாப் பக்கத்து வில்லோசம். மற்றது பார்பாட்டம், குனோங் லேடாங்கிலும் பினாங்குக் கொடிமலையிலும் விளைகிற நம்ம ஊர்ச் செடி.

அந்தக் காலத்தில் விதையைத் தாய்ச்செடியின் தொட்டியிலேயே தூவிவிட்டுக் காத்திருப்பார்கள். முளைத்தால் உண்டு. ஆர்க்கிட் விதை வெறும் தூசி. உள்ளே சாப்பாடு கிடையாது. வேரோடு வாழும் ஒருவகைப் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும் என்பதை 1899இல் பிரான்ஸின் நோயல் பெர்னார் கண்டுபிடித்தார். பூஞ்சையே வேண்டாம், அகர் கூழில் சர்க்கரை கலந்து கொடுத்தால் போதும் என்று 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டினார். 1928இல் சிங்கப்பூர் பூங்காவில் ஹோல்ட்டம் அதே முறையைத் தொடங்க, 1931இல் ஸ்பாத்தோகிளாட்டிஸ் கலப்பினம் பூத்தேவிட்டது. சிலிப்பரிடம் அந்த வேகம் நடக்காது. 1960இல் பிரான்ஸின் மோரெல் குருத்து நுனியிலிருந்து ஆர்க்கிட்டைப் பெருக்க வழி கண்டதும் மற்ற ஆர்க்கிட்டுகள் மலிந்தன. சிலிப்பர் அதற்கும் மசியவில்லை. இன்றும் விதை, இல்லையென்றால் கட்டை பிரிப்பது. அதனால்தான் விலை குறைவதில்லை, ஒரே காயில் வந்த நாற்றுகளிலும் ஒன்றைப்போல் ஒன்று பூப்பதில்லை. எனக்கு அதுதான் இதில் ருசி.

விதை முளைத்த அகர் ஜாடியை உடைத்து எடுக்கும்போது நாற்று என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வேரில் ஒட்டிய அகரை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும். மிச்சம் இருந்தால் பூசணம் பிடிக்கும். பொடிப்பட்டையும் கரித்தூளும் கலந்த தொட்டியில் கூட்டமாக நடுவேன். தனித்தனியாக வைத்தால் ஏனோ சோம்பிப் போகின்றன. சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவதில்லை, குருத்தில் நீர் தங்கினால் ஒரே இரவில் அழுகிவிடும். சாதாரணக் கலப்பினம் நாலைந்து வருடத்தில் பூக்கும். விசிறிபோல் விரியும் இலைக்கொத்தை விசிறி என்போம்; ஒரு விசிறி ஒரு தடவைதான் பூக்கும். அடுத்த பூவுக்கு அடியிலிருந்து புது விசிறி வளர்ந்து வரவேண்டும்.

கினாபாலு மலையின் ரோத்ஸ்சைல்டியானத்துக்குப் பத்து வருடத்துக்கு மேலும் ஆகும். 1887இல் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன சாண்டர் நர்சரி, போட்டிக்காரர்களைத் திசைதிருப்ப நியூகினியாவில் கிடைத்தது என்று புளுகியது. பொய் நன்றாகவே வேலை செய்தது. காட்டில் அது மறுபடி கண்ணில் பட்டது 1959இல்தான். ஆனால் இடம் தெரிந்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதானே: மூட்டை மூட்டையாகப் பிடுங்கினார்கள். ஒரு காலைப்பொழுதில் பறிபோவதை விதையிலிருந்து மீட்கப் பதினைந்து வருடம் பிடிக்கிறது. இப்போது காட்டுச் சிலிப்பரை நாடு விட்டு நாடு விற்பதைச் சைட்டிஸ் ஒப்பந்தம் தடுக்கிறது. சாலையோர வியாபாரம் மட்டும் நின்றபாடில்லை.

வாங்குகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். இலையில் பூச்சி அரித்த தழும்பு, ஒடிந்த வேர், வேரோடு வந்த காட்டுப்பாசி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு: இப்படி இருந்தால் அது மலையிலிருந்து பிடுங்கியது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். நாற்று வாங்கி வளருங்கள்.