தென்காசி, குற்றாலம்: பிரவுசருக்குள்ள தமிழை வரைஞ்சது யாரு?

சீசன் வந்தா நம்ம ஃபோன் முழுக்க குற்றாலம் அருவி வீடியோதான். இன்னைக்கு எபிசோடுலயும் தென்காசி, குற்றாலம்தான் வருது, ஆனா குளிக்கப் போறதில்ல. இந்த ரெண்டு ஊர்ப் பேரையும் பிரவுசர் திரையில சரியா எழுத எத்தனை வருஷம் ஆச்சுங்கிறதுதான் கதை.

முதல்ல ஒரு காட்சி. உங்க தாத்தா ஊர் வரலாறு எழுதி வச்சிருக்கார். 2002 வாக்குல பஜார்ல ஒரு டிடிபி சென்டர்ல டைப் பண்ணி சிடியில வாங்கினார். நீங்க இப்ப அந்த ஃபைலைத் திறக்கிறீங்க. 'தென்காசி' இருக்க வேண்டிய இடத்துல ஆங்கில எழுத்து: என், ஜே, டி, ஒரு அரைப்புள்ளி, எஃப், எச், ஆர், பி. ஃபைல் கெட்டுப்போகல. அது பாமினி ஃபான்ட். உங்க லேப்டாப்ல அந்த ஃபான்ட் இல்ல, அவ்வளவுதான்.

இது ஏன் இப்படின்னு புரிஞ்சா, மீதிக் கதையும் புரிஞ்சிடும்.

சேமிக்கிறது வேற, வரையறது வேற

கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கிறதில்ல, எண்ணைத்தான் சேமிக்குது. அந்த எண்ணுக்கு எந்த உருவம்னு சொல்றது ஃபான்ட். பாமினி மாதிரி ஃபான்ட்கள் ஒரு குறுக்கு வழியைப் பிடிச்சது. ஆங்கில 'ஜே' இருக்கிற இடத்துல 'த' படத்தை வச்சிட்டாங்க. கம்ப்யூட்டர் ஆங்கிலம்னு நினைச்சே வரையும், நமக்குத் தமிழ் தெரியும்.

அதுல இன்னொன்னும் கவனிங்க. 'தெ'ன்னு எழுதும்போது கொம்பு முதல்ல வருது, த அப்புறம். பாமினியில கண்ணுக்குத் தெரியற அதே வரிசையிலதான் டைப் பண்ணணும். யூனிகோடு அப்படி இல்ல. அதுல வாயால சொல்ற வரிசை: முதல்ல த, அப்புறம் எகரக் குறி. அப்ப கொம்பை இடது பக்கம் நகர்த்தி வைக்கிற வேலையை யாராவது செய்யணும். 'தென்காசி' நம்ம கணக்குல 4 எழுத்து, யூனிகோடு கணக்குல 8 குறியீடு. 'குற்றாலம்' நமக்கு 5, யூனிகோடுக்கு 9. அந்த 9 குறியீட்டைச் சேர்த்துப் படிக்கிற மாதிரி வரையற மென்பொருளை 'ஷேப்பிங் எஞ்சின்'னு சொல்வாங்க.

உருவமும் மாறக்கூடியது. 1978 அக்டோபர்ல எம்.ஜி.ஆர் அரசு பெரியாரோட எழுத்துச் சீர்திருத்தத்துல ஒரு பகுதியை ஏத்துக்கிட்டு ஆணை போட்டுச்சு. ணா, றா, னா, லை, ளை உட்பட 13 எழுத்தோட வடிவம் மாறிச்சு. குற்றாலத்துல உக்காந்து இலக்கியம் பேசின ரசிகமணி டி.கே.சி 1954-ல இறந்தவர். அவர் காலத்துப் புத்தகத்துல 'குற்றாலம்' பாருங்க, 'றா' ஒரே சுழியா ஒட்டியிருக்கும். இன்னைக்கும் பழைய வடிவத்துல ஒரு ஃபான்ட் செஞ்சா, உள்ள இருக்கிற எண் ஒன்னுகூட மாறாம 'குற்றாலம்' பழைய முகத்தோட வரும். ஆக, தமிழ் தெரியறதும் தெரியாததும் வரையற கையிலதான் இருக்கு.

ஆளுக்கொரு ஃபான்ட்

1995 அக்டோபர்ல சிங்கப்பூர் கவிதைகளோட ஒரு இணையதளம் வந்துச்சு. நாலு மொழியில ஒன்னு தமிழ். அதுக்குப் பின்னாடி இருந்தவர்கள்ல முக்கியமானவர் நா. கோவிந்தசாமி. 'இணையம்'ங்கிற சொல்லையே அவர்தான் கொடுத்தார்னு சொல்வாங்க. 1997-ல சிங்கப்பூர்ல தமிழ் இணைய மாநாடு நடந்துச்சு. சுவிட்சர்லாந்துல இருந்து கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' ஃபான்டை இலவசமா கொடுத்தார். மலேசியால முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செஞ்சார். அப்ப நடந்த வேலையில நிறைய கடல் தாண்டி நடந்ததுதான்.

ஆனா குறியீட்டுமுறை பலது. அஞ்சல்வழியா பேசிப் பேசி உருவாக்கின டிஸ்கி ஒன்னு. 1999 பிப்ரவரி சென்னை மாநாட்டுல இருந்து வந்த டாம், டாப் ரெண்டு. இதுபோக பத்திரிகைகள் வச்சிருந்த சொந்த ஃபான்ட்கள். பிரவுசிங் சென்டர் காலத்து ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும்: முகப்புலயே 'எழுத்துரு டவுன்லோட் செய்க'ன்னு ஒரு பட்டன். சென்டர் கம்ப்யூட்டர்ல எதையும் இன்ஸ்டால் பண்ண விடமாட்டாங்க. காசு கொடுத்து உக்காந்து கட்டம் கட்டமா பாத்துட்டு எழுந்து வரணும்.

1997-ல வந்த நெட்ஸ்கேப் 4, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 ரெண்டும் ஒரு வழி கொடுத்துச்சு. பக்கத்தோடவே ஃபான்டும் இறங்கிவரும், 'டைனமிக் ஃபான்ட்'. ஆனா ரெண்டும் ரெண்டு விதம். நெட்ஸ்கேப்புக்கு ஒரு கோப்பு, எக்ஸ்ப்ளோரருக்கு வேற கோப்பு. தமிழ்த் தளங்கள் ரெண்டையும் செஞ்சு வச்சாங்க.

யூனிகோடு அப்ப இருந்துச்சா? 1991-ல முதல் பதிப்புலயே தமிழ் உண்டு. ஆனா அதை வரையத் தெரிஞ்ச விண்டோஸ் 2000-லதான் வந்துச்சு, கூடவே 'லதா' ஃபான்டும். எக்ஸ்பியிலகூட ஒரு கட்டத்துல டிக் அடிச்சு, விண்டோஸ் சிடியைப் போட்டாதான் ஷேப்பிங் வேலை செய்யும். அந்தச் சிடி எத்தனை பேர்கிட்ட இருந்திருக்கும்?

பக்கத்துக்குள்ள ஒரு தனி நாடு

இப்ப ப்ளகினுக்கு வருவோம். 1990-களோட நடுவுல நெட்ஸ்கேப் ஒரு ஏற்பாடு செஞ்சது. பக்கத்துல ஒரு செவ்வகத்தை வெளி மென்பொருளுக்குக் கொடுத்துடும். அதுக்குள்ள படமோ, பாட்டோ, எழுத்தோ, எல்லாம் அதோட பொறுப்பு. ஃபிளாஷ் வளர்ந்தது இப்படித்தான்.

தமிழுக்கு இது அடி. பிரவுசர் தமிழ் கத்துக்கிட்ட பிறகும் அந்தச் செவ்வகத்துக்குள்ள தமிழ் உடைஞ்சே நின்னுச்சு. யூனிகோடுல 'தென்காசி' கொடுத்தா, த முதல்ல வந்து கொம்பு பின்னாடி நிக்கும். அதனால ஃபிளாஷ் செய்றவங்க எழுத்தைப் படமாக்கினாங்க, இல்லைன்னா பாமினி மாதிரி ஃபான்டுக்கே திரும்பினாங்க. படமாக்கினா தேட முடியாது. 2008 அக்டோபர்ல வந்த ஃபிளாஷ் 10-லதான் நம்ம மாதிரி எழுத்துகளுக்கான புது எழுத்து எஞ்சின் வந்துச்சு.

அடுத்து கூகுள் குரோம். 2009 வாக்குல 'பெப்பர்'னு ஒரு புது ப்ளகின் இடைமுகத்தை முன்வச்சாங்க. பாதுகாப்புக்காக ப்ளகினை ஒரு பெட்டிக்குள்ள பூட்டிடணும்ங்கிறது எண்ணம். உள்ள இருக்கிறது உங்க கம்ப்யூட்டர் ஃபைல் எதையும் தொடக்கூடாது. அப்ப சிக்கல்: ஃபான்டும் ஃபைல்தானே? அதையும் தொட முடியாதுன்னா எழுத்து எப்படி வரையும்?

பதில், பிரவுசரையே கேட்கணும். அதுக்காகத்தான் 'பிரவுசர் ஃபான்ட்'ங்கிற இடைமுகம். அதுல இருந்தது ரொம்ப எளிமையான கேள்விகள். என்னென்ன ஃபான்ட் இருக்கு? இந்தக் குடும்பம், இந்த அளவு, இந்தத் தடிமன்ல ஒன்னு கொடு. இந்த வரி எத்தனை பிக்சல் அகலம் வரும்? இதை இந்த இடத்துல வரை. இந்தப் பிக்சல்ல மவுஸ் கிளிக் ஆச்சு, அது எத்தனையாவது குறியீடு?

கடைசிக் கேள்வி சாதாரணமா தெரியும். ஆங்கிலத்துல எழுத்து வரிசையும் இடமும் ஒன்னுதான். 'தெ'யில நீங்க இடது பக்கம், கொம்பு மேல கிளிக் பண்றீங்க. திரையில முதல்ல நிக்கிறது கொம்பு, ஆனா நினைவகத்துல அது ரெண்டாவது. ஷேப்பிங் தெரியாத மென்பொருள் கர்சரைத் தப்பா வைக்கும், நீங்க ஒன்னை அழிச்சா இன்னொன்னு போகும். ஷேப்பிங் தெரிஞ்ச பிரவுசர் பதில் சொன்னா அந்தக் கவலை ப்ளகினுக்கு இல்ல. தமிழ் தெரியாத ப்ளகினும் தமிழ் வரையலாம்.

ஒரு குறை இருந்துச்சு. இந்த இடைமுகத்தை எல்லாருக்கும் திறந்துவிடல. பிரவுசர் நம்பின ப்ளகின்களுக்கு மட்டும்தான்.

ப்ளகின் செத்துச்சு, பிரச்சினை?

குரோம் பழைய நெட்ஸ்கேப் வகை ப்ளகின்களை 2015-ல முழுசா எடுத்துடுச்சு. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31-ஓட முடிஞ்சது. அதுக்குள்ள பக்கமே ஃபான்டைக் கொண்டுவர்ற வசதி எல்லா பிரவுசருக்கும் பொதுவாச்சு. 2010 ஜூன்ல கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்துல தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏத்து ஆணை போட்டுச்சு. பிரவுசரே வேலை செய்ற இடமாவும் ஆச்சு. ஸோஹோ ரைட்டர் 2005-லயே பிரவுசருக்குள்ள ஓடின எழுத்துச் செயலி. அந்த நிறுவனத்தோட அலுவலகம் ஒன்னு இன்னைக்கு தென்காசி பக்கம் மத்தளம்பாறையிலயே இருக்கு.

அப்ப எல்லாம் சரியாயிடுச்சா? ஃபிளெக்ஸ் கடைக்குப் போங்க. கொடை விழா பேனர், கல்யாணப் பத்திரிகை, நினைவஞ்சலி எல்லாம் பல கடையில இன்னும் பழைய ஃபான்ட்லதான். அச்சுல அழகா வரும், அதுல தப்பே இல்ல. ஆனா அதே ஃபான்ட்ல ஒரு ஊர் வரலாறைப் போட்டு பிடிஎஃப் ஆக்கி நெட்டுல ஏத்தினா, 'தென்காசி'ன்னு தேடுறவங்களுக்கு அது கிடைக்காது. கண்ணுக்குத் தமிழ், கம்ப்யூட்டருக்கு என், ஜே, டி.

கிடைக்காத புத்தகம் இல்லாத புத்தகம் மாதிரிதான். அதனால ரெண்டு வேலை. ஒன்னு, யாராவது தமிழ் பிடிஎஃப் கொடுத்தா ஒரு வரியை காப்பி பண்ணி வேற இடத்துல பேஸ்ட் பண்ணிப் பாருங்க. தமிழா வந்தா பிழைச்சது. ரெண்டு, வீட்டுல பழைய சிடி இருந்தா தூக்கிப் போடாதீங்க. எந்த ஃபான்ட்னு தெரிஞ்சா யூனிகோடுக்கு மாத்துற கருவிகள் இலவசமாவே இருக்கு, நம்ம தாத்தாவோட ஃபைல் பத்து நிமிஷ வேலை. ஃபான்ட் பேர் மறந்துபோச்சுன்னாதான் கஷ்டம். அதனால டைப் பண்ணினவங்க இருக்கும்போதே ஒரு வார்த்தை கேட்டு வச்சிடுங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.