லண்டனுக்கு முன்பே

சத்யஜித் ராய் எப்படி இயக்குநரானார் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். 1950இல் அவர் வேலை பார்த்த டி.ஜே. கீமர் விளம்பர நிறுவனம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. போய் இறங்கிய சில நாட்களிலேயே டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ பார்த்தார். ஊர் திரும்பும் கப்பலிலேயே ‘பதேர் பாஞ்சாலி’க்கான குறிப்புகளை எழுதத் தொடங்கிவிட்டார். இதில் பொய் ஏதும் இல்லை, ராயே சொன்னதுதான். ஆனால் அந்தச் சில மாதங்களில் அவர் பார்த்தவை ஏறக்குறைய நூறு படங்கள். அவற்றில் ஒன்று அப்படிப் போய்த் தைத்தது என்றால், தைக்கிற மாதிரி மனம் முன்பே பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் வங்காளத்தில் பத்தாண்டுகளாக நடந்துகொண்டிருந்தது. லண்டன் அவருக்குத் துணிச்சல் கொடுத்தது. கண்ணைக் கொடுத்தது தினசரிக் கோட்டோவியமும் பழைய படங்களைப் பாடமாகப் பார்த்த பித்தும்தான்.

1940இல் சாந்திநிகேதனின் கலாபவனத்துக்கு ராய் ஆசையோடு போகவில்லை. தான் ஓவியனாகப் போவதில்லை என்று உணர்ந்து, படிப்பை முடிக்காமல் 1942 கடைசியில் வெளியேறினார். இதை வைத்தே அங்கே அவர் பெற்றது குறைவு என்று வாதிடலாம். ஆனால் நந்தலால் போஸ் நடத்திய பள்ளியில் ஓவியம் என்பது சட்டமிட்டு மாட்டும் பொருள் மட்டுமல்ல. போகிற இடமெல்லாம் அஞ்சலட்டைகளில் ஆளையும் மாட்டையும் மரத்தையும் சில கோடுகளில் பிடித்தவர் நந்தலால். சுற்றியிருப்பதைப் பார்த்து வரைவதுதான் அங்கே பாடத்தின் அடிப்படை. நிறத்தைவிடக் கோட்டை நம்புகிற அந்தப் பயிற்சியில், ஓர் உடல் எப்படிக் குனிகிறது, எதை வரையாமல் விட்டாலும் அது தெரியும் என்பதைக் கை கற்றுக்கொள்கிறது. மாணவராக அஜந்தா, எல்லோரா போய் வந்ததும், வினோத் பிஹாரி முகர்ஜியின் சுவரோவியங்களை அருகிருந்து பார்த்ததும் இதே காலத்தில்தான். (அந்த ஆசிரியரைப் பற்றி 1972இல் ராய் எடுத்த ஆவணப்படம் ‘தி இன்னர் ஐ’.) சினிமாக் கோட்பாட்டு நூல்களும் அங்கிருந்த நூலகத்தில்தான் அவருக்குக் கிடைத்தன. இரண்டு ஆர்வமும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன.

1943இல் மாதம் 80 ரூபாய்ச் சம்பளத்தில் கீமரில் சேர்ந்த பிறகு வரைவது பிழைப்பானது. சிக்னெட் பிரஸ்ஸுக்கு நூல் அட்டைகள் செய்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’யைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி வெளியிட்டபோது உள்ளே படம் வரைந்ததும் அவரே. அந்தப் படங்களில் சில பின்னாளில் திரைக்கு வந்தன. கதையைப் படமாக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு வித்து அந்த வேலையில்தான் விழுந்தது. அப்போது லண்டன் பயணம் கனவிலும் இல்லை. இதே காலத்தில் தியேட்டர் இருட்டில் உட்கார்ந்து, எந்த இடத்தில் வெட்டுகிறார்கள், கேமரா எங்கே நகர்கிறது என்று கிறுக்கி வைப்பார். ஒரு நாவல் படமாகிறது என்று அறிவிப்பு வந்தால் அதற்குத் தானே ஒரு திரைக்கதை எழுதி, படம் வந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பார். 1947இல் சிதானந்த தாஸ்குப்தா முதலிய நண்பர்களோடு கல்கத்தா ஃபிலிம் சொசைட்டியைத் தொடங்கி, ஐசன்ஸ்டைனின் ‘பேட்டில்ஷிப் பொட்டம்கின்’ போன்ற படங்களைத் திரையிட்டார். ரசிகன் படம் பார்க்கும் விதமா இது? தச்சன் இன்னொருவர் செய்த கதவைத் தடவிப் பார்ப்பது போன்றது.

‘பதேர் பாஞ்சாலி’க்கு வழக்கமான முழுத் திரைக்கதை இல்லை, இருந்தவை ஓவிய நோட்டும் குறிப்புகளும். அந்த நோட்டு தயாரிப்பாளர்களுக்குக் கடை விரிக்கத்தான், விளம்பரக்காரரின் தந்திரம் என்று ஒருவர் சொல்லலாம். பாதி சரி, அதைத் தூக்கிக்கொண்டு அவர் பல படிகள் ஏறியது உண்மை. ஆனால் பணம் தேட வேண்டிய அவசியம் தீர்ந்த பிறகும், 1991இல் வந்த ‘ஆகந்துக்’ வரை, வங்காள வியாபாரிகள் கணக்கெழுதும் சிவப்புத் துணி அட்டை கேரோர் கத்தாக்களில் காட்சிச் சட்டகம், உடை, அரங்கம், வசனம் என்று எல்லாவற்றையும் அவர் போட்டு வைத்தார். யாருக்கும் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டிய தாள்கள் அல்ல அவை. அகிரா குரோசவா ‘ககெமுஷா’வுக்குத் தீட்டியவை வண்ணம் முற்றிய ஓவியங்கள், தனியே காட்சிக்கு வைக்கலாம். ராயின் பக்கங்கள் அவசரக் கோடுகள். எனக்கு அவை மேலானவையாகப் படுவதும் அதனால்தான், சிந்தனை இன்னும் நகர்ந்துகொண்டிருப்பது அவற்றில் தெரிகிறது.

இன்னும் கடினமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சினிமா அசையும் கலை, காகிதத்தில் கட்டிய சட்டகம் அதை உறைய வைத்துவிடும் என்பார்கள். 1952 அக்டோபரில் ‘பதேர் பாஞ்சாலி’யின் முதல் படப்பிடிப்பே இதற்குச் சாட்சியாகலாம்: நாணல் பூத்த வெளியில் ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் போனால் பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்திருந்தன, மீதிக்கு அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வரைந்தது அப்படியே கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் மாடுகள் சேர்த்துத் தின்றன. அதுவரை சினிமா கேமராவையே கையாளாத சுப்ரதோ மித்ராவின் ஒளிப்பதிவும், வயதான நடிகை சுனிபாலா தேவியின் முகமும் எந்தத் தாளிலும் அடங்காதவை. ஆனால் தினமும் வரைபவர் எதிரே இருப்பதற்கு ஏற்பத்தான் கோட்டை மாற்றுகிறார். மாதிரி நகர்ந்தால் அவரும் நகர்கிறார். பணமில்லாமல் பல மாதங்கள் விட்டுவிட்டு எடுத்த படம் 1955இல் ஒரே மூச்சில் எடுத்ததுபோல வெளிவந்ததற்கு, எந்தக் காட்சி எதை அடுத்து வரும் என்பது அவர் கையிலும் கண்ணிலும் ஏற்கனவே படிந்திருந்ததைத் தவிர வேறு நல்ல விளக்கம் இல்லை.